விடுமுறையில் ஒரு சதுர மீட்டர்

வார விடுமுறைக் கைவேலையாக மண்ணூர் போன்ற ஊர்களில் நம் மாணவர்களுக்குக் (ஆண் பிள்ளைகளுக்கும்தான்) குரோஷா பின்னலைக் கற்றுத்தரலாம். ஸ்வெட்டர் பின்னலில் இரண்டு ஊசிகள். வரிசை முழுவதும் கண்ணிகள் ஊசியிலேயே நிற்கும். ஒன்று நழுவினால் கீழே பிரிந்துகொண்டே போகும். குரோஷாவில் ஒரே கொக்கி ஊசி; பெரும்பாலும் ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். தவறினால் அதுவரை அவிழ்த்துவிட்டுத் தொடரலாம். தொடங்குபவருக்கு இதுவே ஏற்றது.

சனிக்கிழமை கடைவீதிக்குப் போகிறவர்கள் நான்கைந்து நிறங்களில் உல்லன் நூல் வாங்கினால் போதும்.

ஒவ்வொருவரும் 10 செ.மீ. பக்கமுள்ள சதுரம் ஒன்று பின்னட்டும். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை வேண்டும்? பலர் 10 என்பார்கள். தரையில் அடுக்கிப் பார்த்தால் 10 வரிசை, வரிசைக்கு 10 என்பது கண்ணுக்கே தெரியும்.

2016 ஜனவரி 31 அன்று சென்னையில் ‘மதர் இந்தியா குரோஷே குயின்ஸ்’ குழுவினர் விரித்த கின்னஸ் சாதனைப் போர்வையின் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். நம் வகுப்புச் சதுரங்களில் சொன்னால் 11,14,850.