தலைவருக்கும் ஓய்வு வேண்டும்: தொண்டு நிறுவனங்களும் நீண்ட விடுப்பும்

திருவனந்தபுரத்தில் எமது கிளையில் கணக்கு வைத்துள்ள ஒரு சிறு தொண்டு நிறுவனத்தின் செயலாளர், பதினெட்டு ஆண்டுகளாகத் தொடர்ந்து ஒரு வாரம்கூட விடுப்பு எடுத்ததில்லை. "நான் இல்லாவிட்டால் எல்லாம் நின்றுவிடும்" என்பார். ஒரு நாள் திடீரென நோய்வாய்ப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கணக்கை இயக்கும் அதிகாரம் அவர் ஒருவருக்கே இருந்தது. இணைய வங்கிச் சேவையின் கடவுச்சொல்லும், ஓ.டி.பி. வரும் கைப்பேசியும் அவரிடமே இருந்தன. கணக்கில் போதிய பணம் இருந்தும், பதினொரு ஊழியர்களுக்கு அம்மாத ஊதியம் மூன்று வாரம் தாமதமாயிற்று. செயற்குழு கூடித் தீர்மானம் நிறைவேற்றி, புதிய கையொப்பதாரரின் ஆவணங்களைச் சமர்ப்பிக்கும் வரை எம்மாலும் ஏதும் செய்ய இயலவில்லை.

அவர் ஆண்டுதோறும் சில நாட்களேனும் விலகி நின்றிருந்தால் இக்குறை முன்பே வெளிப்பட்டிருக்கும். ஆகவே, தலைவரின் ஓய்வு என்பது அவருடைய உடல்நலத்தோடு முடிந்துவிடும் செய்தியன்று. நிறுவனத்தின் நிதிப் பாதுகாப்போடும் தொடர்புடையது.

வங்கிகளில் உள்ள வழக்கம்

முக்கியப் பொறுப்புகளில் உள்ள வங்கி ஊழியர்கள் ஆண்டுக்கு ஒரு முறை, குறைந்தது 10 வேலை நாட்கள் தொடர்ச்சியாக, முன்னறிவிப்பின்றிக் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட வேண்டும் என்பது 2021 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிவுறுத்தல். ஒருவர் விலகியிருக்கும்போது அவர் பணியை வேறொருவர் செய்வார். மறைந்திருந்த பிழைகளும் முறைகேடுகளும் அப்போது தெரியவரும். நேர்மையானவருக்கும் இது நன்மையே. அவர் இல்லாத நாட்களிலும் கணக்கு சரியாக இருப்பது அவருடைய பணிக்கே சான்றாகிறது.

நீண்ட விடுப்பின் பின்னணி

ஏழாம் ஆண்டில் நிலத்தை உழாமல் ஓய்வாக விடும் பழைய யூத வழக்கத்திலிருந்து வந்த சொல் 'சபாட்டிகல்'. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1880இல் பேராசிரியர்களுக்கு இத்தகைய விடுப்பை அளிக்கத் தொடங்கியது. பின்னர் இது தொண்டுத் துறைக்கும் பரவியது. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் டர்ஃபீ அறக்கட்டளை, தொண்டு நிறுவனத் தலைவர்கள் சில மாதங்கள் முழுமையாக விலகியிருக்க நிதியுதவி செய்து வருகிறது.

நம் நாட்டில் இதற்கெனத் தனி நிதியுதவி அரிது. எனினும், பொறுப்பைப் பகிர்ந்தளிக்கும் மரபு நம்மிடம் உண்டு. மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் 1993இல் தோழர்களுடன் கோழிக்கோட்டில் வலி நிவாரண, நோய்த் தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் அங்கிருந்து நீங்கிய பின்னரும் அச்சங்கம் தொடர்ந்து இயங்குகிறது. 2003இல் அவர் நிறுவிய பாலியம் இந்தியா இன்று திருவனந்தபுரத்தில் இயங்குகிறது. அங்கும் தலைமைப் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டுக் கௌரவத் தலைவராக இருக்கிறார். அகமதாபாத்தில் 1972இல் 'சேவா' அமைப்பைத் தொடங்கிய இலா பட் அம்மையார், 1996இல் பொதுச் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகினார். சங்கம் மேலும் வளர்ந்தது. கேரளத்தின் குடும்பஸ்ரீ அமைப்பில், சி.டி.எஸ். தலைவி ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் அப்பொறுப்பை வகிக்க இயலாது. இவை நிரந்தர மாற்றங்கள். சில மாத விடுப்போ, இத்தகைய மாற்றத்துக்கு ஒரு சிறிய ஒத்திகை.

செலவு எவ்வளவு?

"எங்களுக்கு இது கட்டுப்படியாகுமா?" என்பதே பலரும் கேட்கும் வினா. ஒரு கணக்கைப் பார்ப்போம். தலைவரின் மாத ஊதியம் ரூ.40,000 எனக் கொள்வோம். ஏழு ஆண்டுகளுக்கு ஒரு முறை மூன்று மாத விடுப்பு என்றால் ஊதியம் ரூ.1,20,000. பொறுப்பேற்பவருக்கு மாதம் ரூ.10,000 கூடுதல் படி என்றால் ரூ.30,000. மொத்தம் ரூ.1,50,000. இதை 84 மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதம் ஏறத்தாழ ரூ.1,800. ஒரு தொடர் வைப்புக் கணக்கில் இத்தொகையைச் செலுத்தி வந்தால், வட்டியைச் சேர்க்காமலே இலக்கை எட்டலாம்.

வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளைகள் ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை நோக்கங்களுக்காகச் செலவிட வேண்டும். இச்சேமிப்பை எஞ்சிய 15 விழுக்காட்டுக்குள் அமைத்துக்கொள்வது எளிது. வெளிநாட்டு நன்கொடை பெறுவோர் இன்னொன்றையும் கருத வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அந்நன்கொடையில் நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நிர்வாகக் குழு உறுப்பினரின் ஊதியமும் இதில் அடங்கும். எனவே, இந்நிதியை உள்நாட்டு நன்கொடையிலிருந்து சேர்ப்பதே நலம்.

விடுப்புக்கு முன் செய்ய வேண்டியவை

1. கணக்கை ஒருவர் மட்டும் இயக்கும் நிலையை மாற்றி, 'மூவரில் எவரேனும் இருவர்' என அமையுங்கள். செயற்குழுத் தீர்மானத்தின் சான்றளிக்கப்பட்ட நகலுடன், புதிய கையொப்பதாரரின் அடையாள, முகவரி ஆவணங்களையும் கிளையில் அளிக்க வேண்டும்.

2. இணைய வங்கிச் சேவையில் பதிவிடுபவர், ஒப்புதல் அளிப்பவர் என இருவருக்குத் தனித்தனிப் பயனர் பெயர் பெறுங்கள். கடவுச்சொல்லையோ கைப்பேசியையோ பிறரிடம் கொடுத்துச் செல்வது பாதுகாப்பானதன்று.

3. தீர்மானத்தில் விடுப்பின் தொடக்க, முடிவு நாட்களையும், பொறுப்பேற்பவர் எவ்வளவு தொகை வரை தாமாகச் செலவிடலாம் என்பதையும் குறிப்பிடுங்கள்.

4. மாத நாட்காட்டி ஒன்றை எழுதி வையுங்கள். பிடித்தம் செய்த வரியைப் பொதுவாக அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள்ளும், வருங்கால வைப்பு நிதியை 15ஆம் தேதிக்குள்ளும் செலுத்த வேண்டும்.

5. மூன்று மாதம் செல்லும் முன், இரண்டு வாரம் சென்று பாருங்கள். அந்நாட்களில் எந்த வினாவுக்காகத் தங்களை அழைத்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலே அடுத்துச் சீர்செய்ய வேண்டியவற்றைக் காட்டும்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட செயலாளர் நலம்பெற்று மீண்டும் பணிக்கு வந்தார். இப்போது அந்நிறுவனத்தின் காசோலைகளில் இருவர் கையொப்பமிடுகின்றனர். மறு ஆண்டு அவர் நாற்பது நாட்கள் சொந்த ஊரில் தங்கினார். ஊழியர்களின் ஊதியம் மாத இறுதி நாளன்றே வரவு வைக்கப்பட்டது. திரும்பி வந்ததும் அவர் கிளைக்கு வந்து கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்கி, நின்றபடியே வரி வரியாகப் படித்தார். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அடுத்த ஆண்டும் போகலாம்போல் இருக்கிறது" என்றார்.

தங்கள் நிறுவனக் கணக்கை இயக்கும் முறை யாது என்பதை இம்மாதமே கிளையில் கேட்டறியுங்கள்.