கஞ்சாவின் ரகமும் நம் வீட்டுப் பரம்பரையும்

"இது இண்டிகாண்ணே, நல்லா தூக்கம் வரும், அவ்ளோதான். சட்டிவான்னா வேலைக்குப் போறப்பவே அடிக்கலாம்."

கோலசிலாங்கூர் வட்டாரத்தில், புக்கிட் ரோத்தானிலிருந்து பெஸ்தாரி ஜெயா வரை, இளைஞர்கள் இப்படி நம்பிப் பேசுகிறார்கள். தாத்தா காலத்துத் தோட்டங்களில் கள்ளும் சம்சுவும் குடும்பங்களைச் சாய்த்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, பிள்ளைகள் தாமான் வீடுகளுக்குக் குடிபோன பிறகு கஞ்சா கைப்பேசி வழியாக, ரகம், மணம், மரபணு என்று அறிவியல் பேசிக்கொண்டு வருகிறது. அந்த அறிவியல் உண்மையில் என்ன சொல்கிறது என்பதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

ரகத்தின் பெயரை நம்பலாமா?

1753இல் லின்னேயஸ் இந்தச் செடிக்குச் சட்டிவா என்று பெயரிட்டார். 1785இல் லமார்க், இந்தியாவிலிருந்து வந்த செடிகளுக்கு இண்டிகா என்று தனிப்பெயர் கொடுத்தார். அதன்பின் மனிதர்கள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கலந்து வளர்த்துவிட்டார்கள். 2015இல் கனடா ஆய்வாளர்கள் மரபணுக்களைப் பரிசோதித்தபோது, விற்பவர் சொன்ன பெயரும் செடியின் பரம்பரையும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை.

செடியின் ஒரே மூலப்பொருளை ஒரு நொதி, போதை தரும் டி.எச்.சி.யின் பக்கம் திருப்புகிறது. இன்னொரு நொதி, போதை தராத சி.பி.டி.யின் பக்கம் திருப்புகிறது. எந்த நொதிக்கான மரபணு செடியில் வேலை செய்கிறது என்பதே முக்கியம். அதிகப் போதைக்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்ததால், அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் 1995இல் சராசரியாக 4 விழுக்காடாக இருந்த டி.எச்.சி., 2014இல் 12 விழுக்காட்டைத் தொட்டது.

இங்கே கைமாறுவது பெரும்பாலும் வட எல்லை தாண்டி வரும் அமுக்கிய கட்டி. பூ, இலை, காம்பு, விதை எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தியது. விற்பவன் வாயில் என்ன வருகிறதோ அதுதான் அதன் ரகம்.

மணம் சொல்வதும் சொல்லாததும்

மாம்பழத்திலும் செராயிலும் இருக்கும் மிர்சீன், எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனீன், மிளகின் காரமணமான கேரியோஃபிலீன் ஆகியவைதான் கஞ்சாவின் வாசனையிலும் இருக்கின்றன. செராய் போட்ட குழம்பு யாரையும் மயக்குவதில்லை. மயக்கும் டி.எச்.சி.க்கோ மணமே கிடையாது. ஆகவே வாசனையை வைத்துப் போதையின் அளவை யாராலும் கணிக்க முடியாது. ஈரக்கட்டியில் அடிக்கும் அமோனியா நெடி, அது பூஞ்சை பிடித்து அழுகுவதைத்தான் காட்டுகிறது.

இதைவிட ஆபத்தானது வேப். செயற்கைக் கஞ்சா ரசாயனங்கள் சில, டி.எச்.சி.யைவிடப் பல மடங்கு வீரியம் கொண்டவை. பழவாசனைத் திரவத்தில் அவை கலந்திருந்தால் மூக்கால் கண்டுபிடிக்கவே முடியாது.

செம்பனைக் காட்டில் ஒரு நொடி

புகைத்தால் சில நிமிடங்களில் தலைக்கு ஏறும். மிட்டாயாகத் தின்றால் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். "ஒன்னும் ஆகலையே" என்று இன்னொன்றைத் தின்று மருத்துவமனைக்குப் போகிறவர்கள் உண்டு. நெஞ்சு படபடக்கும், நினைவு அறுபடும், தூரத்தைக் கணிக்கும் திறன் குறையும். நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் குலை வெட்டுகிறவர், 20 கிலோ எடையுள்ள குலை எந்தப் பக்கம் விழும் என்று பார்த்து ஒரே நொடியில் விலக வேண்டும். மோட்டார் சைக்கிளில் லாரியை முந்துகிறவருக்கும் அந்த நொடி வேண்டும்.

விசாரிக்க வேண்டிய பரம்பரை

செடியின் மரபணுவை விசாரிக்கும் தம்பிகள் தங்கள் குடும்பத்தின் மரபணுவை விசாரிப்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய கவலை.

சுவீடனில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1987இல் வெளியானது. 50 முறைக்கு மேல் கஞ்சா புகைத்தவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சிதைவு நோய் வந்த விகிதம், புகைக்காதவர்களைவிட 6 மடங்கு. புகைக்கும் எல்லோருக்கும் அந்நோய் வருவதில்லை. பதின்ம வயதில் தொடங்கியவர்கள், வீரியம் கூடியதைத் தினமும் எடுப்பவர்கள், குடும்பத்தில் ஏற்கெனவே அந்நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம்.

நம் குடும்பங்கள் இதை மூடிவைக்கின்றன. "சித்தப்பாவுக்குச் செய்வினை", "மாமாவைக் காத்து அடிச்சிருச்சு" என்று சொல்லி வளர்த்த பிள்ளைக்குத் தன் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? பையன் தனியே பேசினாலோ, யாரோ தன்னைப் பின்தொடர்வதாகச் சொன்னாலோ, நாள்கணக்கில் தூங்காவிட்டாலோ, கோயிலுக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கே மருத்துவரிடமும் கூட்டிப்போங்கள்.

எங்கே போவது?

1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம் கடுமையானது. சிறுநீரில் தெரிந்தாலே 5,000 ரிங்கிட் வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ கிடைக்கும். 200 கிராமோ அதற்கு மேலோ கஞ்சா வைத்திருந்தால் கடத்தல் என்றே சட்டம் ஊகிக்கும். 2023 ஜூலையில் கட்டாய மரணதண்டனை நீங்கினாலும் மரணதண்டனை இன்னும் இருக்கிறது. இந்தப் பயத்தாலேயே பலர் சிகிச்சைக்கு வருவதில்லை. தாமாக முன்வந்து சிகிச்சை கேட்க போதைப் பழக்கத்தினரின் சிகிச்சைக்கான 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனமான ஏ.ஏ.டி.கே.யிடம் கேளுங்கள். மனக்குழப்பம் என்றால் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கோ தஞ்சோங் காராங் மருத்துவமனையோ முதல் படி. பேச மட்டும் வேண்டுமானால் சுகாதார அமைச்சின் 15555.

மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள். கட்டியா, வேப்பா, எத்தனை வருடமாக, குடும்பத்தில் யாருக்கு மனநோய் இருந்தது என்பதையெல்லாம் சொல்லுங்கள். நிறுத்திய முதல் வாரத்தில் தூக்கம் வராது, பசிக்காது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும். பெரும்பாலும் இரண்டொரு வாரத்தில் தணியத் தொடங்கும். அந்த நாள்களில் வீட்டில் யாராவது ஒருவர் வேலைக்கு விடுப்புப் போட்டுக் கூடவே இருப்பது நல்லது.