நான் மக்கா, டீச்சர்?

மாணவர்களே, ஒவ்வோர் ஆண்டும் படிவம் ஒன்றின் முதல் வாரத்தில் யாராவது ஒருவர் என்னிடம் இதைச் சொல்லிவிடுவார்: "எனக்கு அறிவியல் மண்டையில் ஏறாது டீச்சர். நான் மக்கு." பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த பிள்ளையாக இருக்கும். பதின்மூன்று வயதில் தன்னைப் பற்றித் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு வந்திருக்கும். "எதை வைத்து அளந்தாய்?" என்றுதான் நான் கேட்பேன். அளக்காமல் சொல்லும் முடிவை அறிவியலில் நாம் ஏற்பதில்லையே!

தொடக்கப்பள்ளியில் பிள்ளைகள் ஏன் பின்தங்குகிறார்கள் என்று கேட்டால் பெரியவர்கள் சட்டென்று சொல்லும் பதில்கள் இரண்டு. பிள்ளை சோம்பேறி; பெற்றோருக்கு அக்கறை இல்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்கும் அம்மாவைப் பார்த்து வளர்ந்த எனக்கு இரண்டாவது பதிலைக் கேட்டால் இன்றும் கோபம் வரும்.

என் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று பெஸ்தாரி ஜெயாவின் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. அங்கே தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்தேன். லயத்தின் பின்னால் காயப்போட்ட சட்டையிலிருந்த ஈரம் எங்கே போகிறது என்று கேட்டால் உடனே சொல்வேன்: ஆவியாதல். 2002-இல் யுபிஎஸ்ஆர் எழுதினேன். மலாய்மொழியில் புள்ளிகள் போதாமல், அடுத்த ஆண்டு புகுமுக வகுப்பு. அதே 2003-இல்தான் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியது. புகுமுக வகுப்பில் மலாயோடு ஓராண்டு மல்லுக்கட்டிவிட்டுப் படிவம் ஒன்றுக்குப் போனால், கையில் ஆங்கில அறிவியல் நூல்! முதல் சோதனையில் 'இவாப்பரேஷன்' என்றால் என்ன என்று ஒரு கேள்வி. வெற்றுத்தாளைக் கொடுத்தேன். சட்டை எப்படிக் காய்கிறது என்று கேட்டிருந்தால் பக்கம் நிறைய எழுதியிருப்பேன்.

அன்று என் மூளைக்குள் என்ன நடந்தது? ஒரு செய்தியைக் கையாளும்போது அதைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ள மூளையில் ஓர் ஏற்பாடு உண்டு. அதைப் பணிநினைவு என்பார்கள். அதில் ஏறக்குறைய ஏழு செய்திகள் நிற்கும் என்று 1956-இல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதினார். நெல்சன் கோவன் பிற்பாடு அதை நான்காகக் குறைத்துவிட்டார். நான்கு கிண்ணங்கள் மட்டுமே வைக்க இடமுள்ள தட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். புரியாத சொல் ஒன்று, புரியாத வாக்கிய அமைப்பு ஒன்று, ஆசிரியரின் உச்சரிப்பு ஒன்று என்று மூன்று கிண்ணங்கள் வந்து அமர்ந்துவிட்டால், அறிவியலுக்கு மிச்சம் ஒரே இடம்தான். பக்கத்தில் இருப்பவனுக்குத் தட்டு முழுவதும் காலி. நம் தட்டு சிறியது என்று நாமாகவே முடிவுகட்டிக்கொள்கிறோம்.

ஆங்கிலத் திட்டம் 2012 முதல் படிப்படியாகக் கைவிடப்பட்டது. ஆனால் தமிழிலிருந்து மலாய்க்குத் தாவும் பள்ளம் அப்படியே இருக்கிறது. கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் சேர்ந்து மின்னுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, மலாய்ப் பெயர் தெரியாததால் தேர்வில் வாய்மூடி நிற்கிறது. இதற்காகத் தமிழ்ப்பள்ளியைக் குறை சொல்லிவிடாதீர்கள். தாய்மொழியில் தொடங்குவதே நல்லது என்று யுனெஸ்கோ 1953-லேயே சொல்லிவிட்டது. குறை, பள்ளத்துக்குப் பாலம் போடாததில் இருக்கிறது. என் வகுப்பில் புதிய சொல் எதையும் மூன்று மொழிகளிலும் பலகையில் எழுதுகிறேன்: ஆவியாதல், பெஞெஜாத்தான், இவாப்பரேஷன். அரை நிமிட வேலை.

மொழி மட்டும்தானா? கண்ணையும் பாருங்கள். சீனாவின் கான்சு, ஷான்சி மாநிலங்களின் கிராமப்புறத்தில் சுமார் 250 தொடக்கப்பள்ளிகளில் நடந்த ஆய்வொன்று 2014-இல் வெளியானது. கிட்டப்பார்வை உள்ள 3,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய ஏழில் ஒருவரிடமே கண்ணாடி இருந்தது. ஒரு பிரிவினருக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்தார்கள். கல்வியாண்டு முடிவில் அவர்களுடைய கணிதப் புள்ளிகள், கண்ணாடி தரப்படாதவர்களுடையதைவிட உயர்ந்திருந்தன. பாடத்திட்டமும் ஆசிரியரும் மாறவில்லை. கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்குத் தான் பார்ப்பது மங்கல் என்றே தெரியாது, உலகமே அப்படித்தான் என்று நினைத்துக்கொள்ளும். அடுத்தவன் புத்தகத்தைப் பார்த்து எழுதும் பையனைத் 'திருட்டுப்பயல்' என்று அதட்டுமுன் பலகை அவனுக்குத் தெரிகிறதா என்று கேட்கலாம்.

இன்னொன்று நம் வீட்டுத் தேத்தண்ணி. காலையில் பிஸ்கட்டும் தேத்தண்ணியும்தான் பல வீடுகளில் பசியாறல். தேநீரிலுள்ள டானின் வகைப் பொருள்கள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. இரும்பு குறைந்தால் ஹீமோகுளோபின் குறையும், பிள்ளைக்குச் சோர்வு வரும், கவனம் சிதறும். அதற்குத்தான் 'சோம்பேறி' என்று பெயர் வைத்துவிடுகிறோம். தேநீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். எலுமிச்சை, கொய்யாவிலுள்ள வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும்.

இதற்கெல்லாம் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பள்ளி வந்தது. கங்காணியும் கிராணியும்கூடப் பாடம் சொன்னார்கள். அந்தப் பள்ளி யாரையும் தோட்டத்துக்கு வெளியே அனுப்புவதற்காகக் கட்டப்பட்டதல்ல. தோட்டப்பள்ளி அடுத்த தலைமுறைத் தொழிலாளியையே உருவாக்கியது என்பது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டி. மாரிமுத்துவின் ஆய்வு முடிவு. 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று சுமார் 530. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் வெளியேறியதால், மிஞ்சிய சில பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் உட்கார வைக்கிறார்கள். ஓர் ஆசிரியர், இரண்டு பாடநூல்கள். அங்கிருந்து வரும் பிள்ளையின் 'டி'யையும் பட்டணத்துப் பிள்ளையின் 'ஏ'யையும் அருகருகே வைத்து மூளையை ஒப்பிடுவது எந்த வகைச் சோதனை? மாறிகளைக் கட்டுப்படுத்தாத ஆய்வறிக்கையை நீங்கள் கொடுத்தால் நான் திருப்பித் தந்துவிடுவேன்.

இந்தச் சனிக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். வீட்டு நாட்காட்டியை வெளிச்சமான சுவரில் மாட்டுங்கள். பத்தடி தள்ளித் தம்பியையோ தங்கையையோ நிறுத்தி, ஒரு கண்ணை மூடச்சொல்லி எண்களைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண். உங்களுக்குத் தெளிவாகத் தெரியும் எண் அவர்களுக்குத் தெரியாவிட்டால், திங்கட்கிழமை அவர்களுடைய வகுப்பாசிரியரிடம் சொல்லி முன்வரிசையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் கண்ணைக் காட்டவும் அம்மாவிடம் சொல்லுங்கள்.