916-க்குள் ஒளிந்திருக்கும் 84

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ நகைக்கடைக்குள் நுழைந்து ஒரு வளையலைத் திருப்பிப் பாருங்கள். உட்புறத்தில் எறும்புத் தலையளவு எழுத்தில் 916 என்று முத்திரை இருக்கும். ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம் என்று பொருள். 22 காரட் என்பதும் இதுதான். மிச்சம் 84? பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். ஒரு பவுன் நகையில், அதாவது 8 கிராமில், அவற்றின் எடை முக்கால் கிராம்கூட இல்லை. ஆனால் நகையின் ஆயுளைத் தீர்மானிப்பதில் அந்த 84-க்குப் பெரும்பங்கு உண்டு.

ஏன் கலக்க வேண்டும்? சுத்தத் தங்கம் அவ்வளவு மென்மையானது. ஒரே ஒரு கிராமைத் தட்டித் தட்டி, விரித்த நாளிதழ் அகலத்துக்குத் தகடாக்கிவிடலாம். அதன் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்கும். அளவில் சிறிய செம்பு அணு நடுவே புகுந்தால், ஒரே அளவு கோலிக்குண்டுகளின் வரிசையில் சின்னக் குண்டு மாட்டிக்கொண்டதுபோல் அந்த வழுக்கல் தடைப்படும். வளையல் வளையாமல் நிற்கும்.

தங்கம் துருப்பிடிக்காததற்குக் காரணம் தேடினால் ஐன்ஸ்டீனிடம் போய் நிற்போம். தங்க அணுவின் கருவில் 79 புரோட்டான்கள். அவற்றின் இழுப்பில் உள்வட்ட எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேல் ஓடுகின்றன. அந்த வேகத்தில் சார்பியல் விதி குறுக்கிடுகிறது. சுற்றுப்பாதை சுருங்கி, வெளி எலக்ட்ரானும் கருவோடு இறுக்கமாகப் பிணைகிறது. ஆக்சிஜன் வந்து கேட்டாலும் தங்கம் அதைக் கொடுக்காது. தங்கத்தின் மஞ்சள் நிறத்துக்கும் இதே விதிதான் காரணம்.

செம்புக்கும் வெள்ளிக்கும் இந்தப் பிடிவாதம் இல்லை. நம்மூர்ப் புழுக்கத்தில் வழியும் வியர்வையின் உப்பும், நீச்சல் குளத்துக் குளோரினும் அவற்றை மெல்ல அரிக்கும். குளத்தில் இறங்கும் முன் நகையைக் கழற்றுவது அந்த 84-ஐக் காக்கத்தான்.

வெள்ளிக் கொலுசின் கதை இன்னும் சுவையானது. அதைக் கறுக்கச் செய்வது கந்தகம். பூண்டு, முட்டை எல்லாவற்றிலும் அது உண்டு. டுரியானின் வாசம் ஊரைக் கூட்டுவதும் கந்தகச் சேர்மங்களால்தான். 2017-இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் முசாங் கிங் டுரியானின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, இந்தச் சேர்மங்களை உண்டாக்க உதவும் மரபணு அதில் பல நகல்களாகப் பெருகியிருப்பதைக் கண்டார்கள். காற்றில் வரும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து, வெள்ளி சல்பைடு என்ற மெல்லிய கரும்படலம் ஆகிறது.

அதைத் தேய்த்து எடுத்தால் கொஞ்சம் வெள்ளியும் போய்விடும். தேய்க்காமலே எடுக்க ஒரு வழி இருக்கிறது. பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதைத் தொடும்படி கொலுசை வையுங்கள். சமையல் சோடா கலந்த வெந்நீரை ஊற்றுங்கள். உங்கள் அடுப்படியில் ஒரு மின்கலம் பிறந்துவிட்டது! அலுமினியம் எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது, கந்தகம் வெள்ளியை விட்டு விலகுகிறது, அழுகிய முட்டை வாடை லேசாக எழுகிறது. கறுப்பிலிருந்த வெள்ளி மறுபடி வெள்ளியாகிறது. கல்லும் முத்தும் பதித்த நகைகளுக்கு மட்டும் இது வேண்டாம்.

ஐன்ஸ்டீனின் காவலையும் தாண்டித் தங்கத்தைத் தொடும் ஓர் எதிரி உண்டு: பாதரசம். சிறு சுரங்கத் தொழிலாளர்கள் பலர் மண்ணிலிருந்து தங்கத்தைப் பிரித்தெடுப்பது இதன் துணையால்தான். இரண்டும் தொட்டால் கலந்து, வெளிறிய ரசக்கலவை ஆகிவிடும். சிவப்பழகு கிரீம்களில் பாதரசம் இருப்பதாக மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. தங்கத்திலும் வெள்ளியிலும் படக்கூடாது என்று கிரீம் டப்பாவில் எழுதியிருந்தால், பத்திரப்படுத்த வேண்டியது மோதிரத்தை அல்ல, உங்கள் தோலை.

வைரத்தின் கதை வேறு. தண்ணீர் அதில் ஒட்டாது, எண்ணெய் விடாது. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் கிரீஸ் பூசிய பலகைமேல் கற்களை நீரோடு ஓடவிட்டு, ஒட்டிக்கொண்ட வைரத்தை வழித்தெடுத்தார்கள். உங்கள் மூக்குத்தி தினமும் அதே வேலையை முகக் கிரீமிடமும், தோடு தலை எண்ணெயிடமும் செய்கின்றன. கல்லின் பின்பக்கத்தில் எண்ணெய் படிந்தால், திரும்பி வர வேண்டிய ஒளி அந்த வழியே கசிந்துவிடும். வெதுவெதுப்பான சோப்பு நீரும் மென்மையான பிரஷும் போதும். பொற்கொல்லர்கள் பூந்திக்கொட்டை நுரையில் கழுவியதும் இதே வேதியியல்தான்: நுரையின் மூலக்கூறு ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் நீரையும் பிடித்துக்கொள்கிறது.

எவ்வளவு காத்தாலும் நகை தேயும். எவ்வளவு? வியன்னாவில் வேதியியலாளர் கியோர்க் ஸ்டைன்ஹவுசர் தம் 18 காரட் கல்யாண மோதிரத்தை ஓராண்டு வாராவாரம் நிறுத்து, 2008-இல் விடையை வெளியிட்டார். ஐந்தரை கிராம் மோதிரத்தில் ஆண்டுக்குச் சுமார் 6 மில்லிகிராம் இழப்பு. நொடிக்கு நாற்பதாயிரம் கோடிக்கும் மேற்பட்ட தங்க அணுக்கள்! மணற்கரையில் விடுமுறை கழித்த வாரத்தில் இழப்பு எகிறியது. மணல் தங்கத்தைவிடப் பல மடங்கு கடினம். மோரிப் கடற்கரைக்குப் போகும்போது மோதிரத்தை வீட்டில் விட்டுப் போகலாம்.

அந்த வேகத்தில் மோதிரம் முழுதும் கரைய 900 ஆண்டு ஆகும். சோழர் ஆண்ட நாளில் விரலில் ஏறியிருந்தால் இப்போதுதான் தீர்ந்திருக்கும். தாலிக்கொடிக்கு அந்த யோகம் இல்லை. அதன் தேய்மானம் கண்ணியும் கண்ணியும் உரசும் ஊசிமுனை இடங்களில் குவிகிறது. எடையில் குறைவே தெரியாத சங்கிலிகூட அங்கே அறுந்துபோகும். ஆகவே வருஷத்துக்கொரு முறை ஆசாரியிடம் கொடுத்து, கொக்கியையும் அதை அடுத்த கண்ணிகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.