20 கார்டு, 3 பாயின்ட்... போகிமான் ஆட்டத்தில் ஜெயிக்கவைப்பது காசா, கணக்கா?

ரம்மியோ, கழுதையோ... நாம் ஆடிப் பழகிய சீட்டாட்டங்களில் எல்லோருக்கும் பொதுவான கட்டிலிருந்துதான் சீட்டு விழும். கைக்கு வந்ததை வைத்துச் சமாளிக்க வேண்டும். ட்ரேடிங் கார்டு கேம் இங்கேதான் மாறுபடுகிறது. இதில் கட்டையே நீங்கள் தயார் செய்துகொண்டு வர வேண்டும். எந்தக் கார்டு உள்ளே, எது வெளியே என்று முடிவு செய்யும்போதே பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது.

1993-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற கணிதவியலாளர் உருவாக்கிய 'மேஜிக்: த கேதரிங்' இந்த வகை ஆட்டத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது. 1996-ல் ஜப்பானில் போகிமான் கார்டுகள் வந்தன. அதன் மொபைல் வடிவமான 'போகிமான் டி.சி.ஜி. பாக்கெட்' 2024 அக்டோபர் 30 அன்று வெளியானது. உங்கள் வீட்டுப் பிள்ளை போனில் பளபளவென்று ஒரு பாக்கெட்டை விரலால் கிழித்துக்கொண்டிருந்தால், அநேகமாக இதுதான்.

ஆட்டம் எப்படி?

பேப்பர் கார்டு ஆட்டத்தில் கட்டுக்கு 60 கார்டு. மொபைலில் 20 மட்டுமே. ஒரே பெயருள்ள கார்டு இரண்டுக்கு மேல் கூடாது. தொடக்கத்தில் கையில் 5 கார்டு. பிறகு ஒவ்வொரு முறையும் ஒன்று எடுக்கலாம். முன்னால் ஒரு போகிமான் நின்று சண்டை போடும், பின்னால் 'பெஞ்ச்'சில் மூன்று வரை காத்திருக்கும். தாக்குவதற்குத் தேவையான எனர்ஜி, முறைக்கு ஒன்று வீதம் தானாக வரும். முதலில் ஆடுபவருக்கு மட்டும் முதல் முறையில் எனர்ஜி கிடையாது.

எதிரியின் சாதாரண போகிமானை வீழ்த்தினால் 1 பாயின்ட். 'இ.எக்ஸ்' என்ற வலுவான வகையை வீழ்த்தினால் 2 பாயின்ட். முதலில் 3 பாயின்ட் எடுப்பவர் வெற்றி.

மியூடூ கட்டு: ஒரு பாடம்

முதல் தொகுப்பு வெளியானபோது உலகமெங்கும் பலர் ஆடிய கட்டு ஒன்றைப் பார்ப்போம். நாயகன், மியூடூ இ.எக்ஸ். 150 ஹெச்.பி. உயிர். பெரிய அடி 150. அதற்கு 4 எனர்ஜி வேண்டும். அடித்த பிறகு 2 எனர்ஜியை இழக்கவும் வேண்டும். முறைக்கு ஒரு எனர்ஜிதான் என்றால், நான்காவது முறையில் ஒரு அடி, பிறகு இரண்டு முறை சேர்த்தால்தான் அடுத்த அடி. அதற்குள் ஆட்டம் கைமீறிவிடும்.

இந்தக் குறையைத் தீர்க்க வருவது கார்டிவோர். இது பெஞ்சில் இருந்தபடியே, முன்னால் நிற்கும் சைக்கிக் வகைப் போகிமானுக்கு முறைக்கு ஒரு எனர்ஜி கூடுதலாகக் கொடுக்கும். இப்போது கணக்கு மாறுகிறது. மூன்றாவது முறையிலேயே 4 எனர்ஜி சேர்ந்துவிடும். இழக்கும் 2 எனர்ஜி அடுத்த முறையே திரும்ப வந்துவிடும். அதாவது ஒவ்வொரு முறையும் 150 அடி!

ஆனால், கார்டிவோர் நேரடியாக வராது. முதலில் ரால்ட்ஸ், அடுத்த முறை கிர்லியா, அதற்கடுத்த முறைதான் கார்டிவோர். ஆகவே மியூடூ 2, ரால்ட்ஸ் 2, கிர்லியா 2, கார்டிவோர் 2 என 8 கார்டு போகிறது. மீதி 12 கார்டும் உதவிக் கார்டுகள்தான். இரண்டு கார்டு எடுக்கவைக்கும் புரொஃபசர்ஸ் ரிசர்ச், அடிப்படைப் போகிமான் ஒன்றைத் தேடித்தரும் போகே பால், எதிரியின் முன்னணிப் போகிமானை பெஞ்சுக்கு அனுப்பும் சப்ரீனா, அடியில் 10 கூட்டும் ஜியோவானி, 20 உயிர் தரும் போஷன், பின்வாங்கும் செலவில் ஒன்றைக் குறைக்கும் எக்ஸ் ஸ்பீடு. ஆறும் இரண்டிரண்டு.

பிடித்த கார்டு, பிடிக்காத கணக்கு

புதிதாக ஆடுபவர்கள் சறுக்குவது இங்கேதான். 'எனக்கு ஜிக்ளிபஃப் பிடிக்கும்' என்று போஷனை எடுத்துவிட்டு அதை இரண்டு சேர்த்தால் என்ன ஆகும்? முன்பு கட்டில் அடிப்படைப் போகிமான் நான்கு. போகே பால் எதைத் தேடினாலும் மியூடூ அல்லது ரால்ட்ஸ்தான் வரும். இரண்டுமே வேண்டியவை. இப்போது ஆறில் இரண்டு ஜிக்ளிபஃப். மூன்றில் ஒரு முறை தேவையில்லாத கார்டு கைக்கு வரும்.

இன்னொரு கணக்கு. கட்டில் இரண்டு இருக்கும் ஒரு கார்டு, உங்கள் மூன்றாவது முறைக்குள் கைக்கு வர எவ்வளவு வாய்ப்பு? அதுவரை 8 கார்டு பார்த்திருப்பீர்கள். வாய்ப்பு சுமார் 65 சதவீதம். அதே கார்டு ஒன்றுதான் இருக்கிறது என்றால் 40 சதவீதம். இடையில் ஒரு புரொஃபசர்ஸ் ரிசர்ச் ஆடி 10 கார்டு பார்த்துவிட்டால், 65 என்பது 76 ஆகிறது. ரால்ட்ஸ், கிர்லியா, கார்டிவோர் மூன்றும் நேரத்துக்கு வர வேண்டும் என்றால், தேடும் கார்டுகளின் துணை இல்லாமல் வாய்ப்பு பாதியைக்கூடத் தொடாது. சண்டையே போடாத கார்டுகளுக்குக் கட்டில் இவ்வளவு இடம் கொடுப்பது இதனால்தான்.

களத்தில் பாயின்ட் கணக்கு

எதிரே பிகாச்சு இ.எக்ஸ் கட்டு என்று வைத்துக்கொள்வோம். பெஞ்சில் மூன்று மின்சார வகைப் போகிமான் இருந்தால், இரண்டே எனர்ஜியில் 90 அடி. உங்கள் மியூடூ இரண்டு அடியில் விழும். விழுந்தால் எதிரிக்கு 2 பாயின்ட். அதன்பின் சின்ன ரால்ட்ஸ் விழுந்தாலும் ஆட்டம் முடிந்தது.

அனுபவம் உள்ளவர்கள் இங்கே என்ன செய்வார்கள்? அடிபட்ட மியூடூவை எக்ஸ் ஸ்பீடு உதவியோடு பின்னுக்கு இழுத்துவிட்டு, 1 பாயின்ட் போகிமானை முன்னால் நிறுத்துவார்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டுக்குப் பதில் ஒன்று கொடுப்போம் என்ற கணக்கு. கிடைத்த ஒரு முறையில் இன்னொரு மியூடூ தயாராகிவிடும். பிகாச்சுவின் உயிர் 120தான். 150 அடி விழுந்தால் எழுந்திருக்காது.

பர்ஸ் எங்கே திறக்கிறது?

இது ரம்மி ஆப் போலப் பணம் கட்டி, பணம் ஜெயிக்கும் ஆட்டம் இல்லை. ஆனால், பணம் போக வழி இருக்கிறது. 12 மணி நேரத்துக்கு ஒன்று வீதம், நாளைக்கு இரண்டு பேக் இலவசம். ஒரு பேக்கில் 5 கார்டு. காத்திருக்கப் பொறுமை இல்லை என்றால் காசு கொடுத்துப் பிரிக்கலாம்.

எந்தக் கார்டு வர எத்தனை சதவீதம் வாய்ப்பு என்பதை ஆப்பிலேயே பார்க்கலாம். முதல் தொகுப்பின் மியூடூ பேக்கில், சாதாரண வடிவ மியூடூ இ.எக்ஸ் வரும் வாய்ப்பு பேக்குக்கு சுமார் 1.7 சதவீதம். 60 பேக் பிரித்த பிறகும், மூன்றில் ஒருவருக்கு அது வந்திருக்காது. கட்டுக்குத் தேவையோ இரண்டு! 'அடுத்த பேக்கில் வந்துடும்' என்ற நினைப்புதான் பர்ஸைத் திறக்கவைக்கிறது. ஐம்பது பேக் வீணாய்ப் போனது ஐம்பத்தொன்றாவது பேக்குக்குத் தெரியாது.

இதற்கு மாற்று வழியும் ஆட்டத்திலேயே உண்டு. பிரிக்கும் ஒவ்வொரு பேக்குக்கும் 5 புள்ளி சேரும். 500 புள்ளிக்கு, வேண்டிய இ.எக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். இலவச பேக் மட்டும் பிரித்தாலே 50 நாளில் ஒன்று நிச்சயம். சாதாரணக் கார்டுக்கு 35 புள்ளி போதும். மின்னும் அலங்கார வடிவங்கள் கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். ஆட்டத்தில் சாதாரண வடிவமும் அதே 150தான் அடிக்கும்.

தவிர, புதுத் தொகுப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. மியூடூவைவிட வலுவான கார்டுகள் பின்னால் வந்துவிட்டன. காசு கொடுத்து வாங்கிய பலம் சில மாதங்களில் பழசாகிவிடும். 20 கார்டில் எதைத் தவிர்ப்பது என்று கற்றுக்கொண்டது, தொகுப்பு மாறினாலும் உதவும். 2025 மார்ச் முதல் தரவரிசைப் போட்டிகளும் வந்துவிட்டதால், அதைச் சோதித்துப் பார்க்கவும் இடமிருக்கிறது.

பெற்றோர் கவனத்துக்கு

ப்ளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் இரண்டிலுமே, ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி செட்டிங்கில் மாற்ற முடியும். பிள்ளையிடம் போனைக் கொடுப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

பிறகு ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தக் கார்டை ஏன்டா கண்ணா வெச்சிருக்க?" என்று கேட்டுப் பாருங்கள். "இது இல்லன்னா மூணாவது டர்ன்ல எனர்ஜி பத்தாதும்மா" என்று பதில் வந்தால், பிள்ளை கணக்குப் போட்டு ஆடுகிறது என்று அர்த்தம். "இன்னும் ஒரே ஒரு பேக் வாங்கிக் கொடும்மா, வந்துடும்" என்று வந்தால், அந்த 1.7 சதவீதத்தை ஆப்பில் திறந்து காட்டிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.