பார்சலில் வந்த மதுரை

வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் யார் மதுரைக்குக் கிளம்பினாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். "நீ உள்ளூர்க்காரி, எங்க என்ன சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம், சொல்லு" என்பார்கள். நானும் மூச்சு விடாமல் சொல்வேன். கறி தோசைக்கு சிம்மக்கல், ஜிகர்தண்டாவுக்கு விளக்குத்தூண், ராத்திரி 11 மணிக்குப் பசித்தாலும் கவலை இல்லை, இது தூங்கா நகரம் என்று அளந்து விடுவேன். பம்பாயில் இருக்கும் என் நாத்தனார் நான் சொன்னதையெல்லாம் ஒரு டைரியில் எழுதியே வைத்திருக்கிறாள்.

அந்த லிஸ்ட்டில் உள்ள பாதிக் கடைகளுக்குள் நான் காலெடுத்து வைத்ததே இல்லை என்பது, போன மாதம் என் அம்மா கேட்ட கேள்வியில்தான் எனக்கே உறைத்தது.

அம்மாவுக்கு அருப்புக்கோட்டை பக்கம் கரிசல்காட்டு கிராமம். இரண்டு கண்ணிலும் புரை. "வயசானா அப்படித்தான்" என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் உப்பு எது சீனி எது என்று நாக்கில் வைத்துப் பார்க்கும் நிலைமைக்கு வந்துவிட்டது. பிடிவாதமாக அழைத்து வந்து அண்ணா நகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் இடது கண்ணுக்கு ஆபரேஷன் செய்தோம். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி வெறும் 11 படுக்கையோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. இன்றைக்கு எந்தெந்த ஊரிலிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மதுரை என்றால் ஒன்று மீனாட்சி, இல்லையென்றால் கண்ணாஸ்பத்திரிதான்.

ஒரு மாதம் சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று எங்கள் செல்லூர் வீட்டிலேயே இருந்தார். மறு பரிசோதனைக்கு முதல் நாள் ராத்திரி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் தாயி, உனக்குக் கல்யாணமாகி 16 வருசமாச்சு. பிள்ளைக காதுகுத்துக்கு வந்தேன். உங்க மாமனார் சாவுக்கு வந்தேன். இப்ப கண்ணுக்கு வந்திருக்கேன். உன் அடுப்படியத் தவிர மதுரையில நான் என்னத்தப் பாத்தேன்? நானாச்சும் விருந்தாளு. நீ எங்கெங்க போயி உக்காந்து சாப்புட்டிருக்க?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. என்னவரைக் குறை சொல்ல முடியாது. கை நிறைய வாங்கி வருவார். கறி தோசை, பன் பரோட்டா, நெய் அல்வா எல்லாம் தின்றிருக்கிறேன். ஆனால் எல்லாமே பார்சல்! வாழை இலையும் பேப்பரும் சுற்றி, சணல் கட்டி, ஸ்கூட்டர் கொக்கியில் தொங்கிக்கொண்டு வந்த மதுரைதான் எனக்குத் தெரிந்த மதுரை. பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்து, மாமியாருக்கு வைத்து, நான் உட்காரும்போது ஆறிப்போய் இருக்கும். "பொம்பளைக கடையில உக்காந்து திங்கிறதா?" என்பது என் மாமியாரின் வழக்கமான வசனம்.

2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை என் கணக்கில் ஏறுகிறது. அதில் கொஞ்சம் மிச்சம் பிடித்து வைத்திருந்தேன். அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, தூசி மட்டும் படாம பாத்துக்குங்க" என்றார். வெளியே வந்ததும் அம்மா பழக்கத்தில் செல்லூர் போகத் திரும்பினார். "வீட்டுக்குப் போகல, வாம்மா" என்று கையைப் பிடித்தேன்.

முதலில் காந்தி மியூசியம். ஆட்டோவில் பக்கம்தான். ராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த கட்டிடம். 1959-ல் நேரு வந்து திறந்து வைத்தது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது. பெரிய மரங்கள், கிளிச் சத்தம்... பிள்ளைகளை லீவு நாளில் நான் அடிக்கடி அழைத்துப் போகும் இடம் என்பதால் எனக்கு ஒவ்வொரு அறையும் அத்துப்படி. கடைசியில், காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக் கறை படிந்த துணி இருக்கும். அதன் முன்னால் அம்மா ரொம்ப நேரம் நின்றார். அவர் நாற்பது வருடம் பருத்தி எடுத்த கை. 1921 செப்டம்பர் 22-ம் தேதி இதே மதுரையில், மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் காந்தி முழு உடையை விட்டுவிட்டு அரையாடைக்கு மாறினார், உடுத்தத் துணியில்லாத ஏழை ஜனங்களைப் பார்த்து மனசு பொறுக்காமல் மாறினார் என்று சொன்னேன். "நம்மாளுக கட்டியிருந்ததப் பாத்துட்டுத்தான் இப்படிக் கட்டுனாரா?" என்று கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை அந்தத் துணியைப் பார்த்தார்.

அங்கிருந்து டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. தோழிகளே, இந்த ஒரு சலுகை இல்லையென்றால் நான் இவ்வளவு தைரியமாகக் கிளம்பியிருப்பேனா என்பது சந்தேகம்தான்!

கீழவாசலில் இறங்கும்போது நல்ல பசி. அந்தப் பக்கம் பெரிய கடை ஒன்று (பெயர் வேண்டாம்). கீழே நாலைந்து மேசை காலியாக இருந்தும், வாசலில் நின்றவர், "கூட ஆம்பளைங்க யாரும் வரலையா? லேடீஸ்னா மாடியில ஃபேமிலி ரூம்" என்றார். செங்குத்தான படி. ஒரு கண்ணில் மட்டும் புதுப் பார்வை வந்தவருக்குப் படியின் ஆழம் பிடிபடாது என்று எடுத்துச் சொன்னேன். "ரூல்ஸ்மா" என்றார். எனக்கு முகம் சிவந்து, தொண்டையை அடைத்தது. வீட்டுக்கே போய்விடலாம் என்றுகூட நினைத்துவிட்டேன். அம்மாதான், "இவன் சோறு இல்லாட்டி மதுரையில சோறு இல்லையா?" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு நடந்தார். நாலு எட்டில் ஒரு வேப்ப மரத்தடி. ஒரு அக்கா பெரிய பெரிய தூக்குச்சட்டியில் லெமன் சோறு, தயிர் சோறு விற்றுக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு தட்டு. அம்மா அந்த அக்காவிடம் மிளகாய் எந்த ஊரில் வாங்கியது என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். கிளம்ப அரை மணி நேரம் ஆனது.

கோயில் நடை மதியம் 12.30-க்குச் சாத்தினால் சாயங்காலம் 4 மணிக்குத்தான் திறக்கும். வெளியூர்த் தோழிகள் பலர் இது தெரியாமல் உச்சி வெயிலில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். அந்த இடைவெளிக்கு ஏற்ற இடம் திருமலை நாயக்கர் மகால். வெளியே தார் உருகினாலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். 1636-ல் கட்டியது. இப்போது நாம் பார்ப்பது நாயக்கர் கட்டியதில் நாலில் ஒரு பங்குதானாம். பேரன் சொக்கநாதர் திருச்சிக்குத் தலைநகரை மாற்றியபோது பெயர்த்துக்கொண்டு போனது போக மிச்சம். அதையும் நேப்பியர் என்ற சென்னை கவர்னர் 1866-லிருந்து 1872 வரை பழுது பார்க்க வைத்திருக்காவிட்டால் நமக்குக் கிடைத்திருக்காது. அம்மா ஒரு தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தார். பாதிகூட எட்டவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

நாலு மணிக்குக் கோயில். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு செல்போன் உள்ளே கொண்டுபோக விடுவதில்லை. வெளியே கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். எனக்கு அது நல்லதாகவே பட்டது. யாரும் படம் பிடிக்கவில்லை, எல்லோரும் சாமியைப் பார்க்கிறார்கள். முக்குறுணிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, (மூன்று குறுணி, அதாவது 18 படி அரிசியில் சதுர்த்திக்கு ஒரே கொழுக்கட்டை செய்வார்கள் இவருக்கு) அம்மன் சன்னிதி வரிசையில் நின்றோம். என் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை அம்மா இங்கு வந்ததுண்டு. அப்போது கூட்டத்தில் எட்டிப் பார்ப்பதற்குள் தள்ளிவிட்டார்களாம். இந்தத் தடவை பட்டர் தீபாராதனை காட்டினார். அம்மா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். நகக் குறி பதிகிற மாதிரி.

"மூக்குத்தி தெரியுது தாயி. கையில கிளி தெரியுது."

நான் சாமி கும்பிட மறந்தேபோனேன். அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

2019 நவம்பரில் வாசலில் பக்தர்களுக்கு இலவச லட்டு கொடுக்க ஆரம்பித்தார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு மீதியை முந்தானையில் முடிந்தார், பேரப் பிள்ளைகளுக்காம்! கிழக்கு வாசலுக்கு எதிரே புது மண்டபம். தையல்காரர்கள், புத்தகக் கடைகள், வளையல் கடைகள் எல்லாம் இதற்குள்ளேதான் முன்பு நெருக்கியடித்து இருந்தன. இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சிலைகள் இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகின்றன. தையல் மெஷின் சத்தம் இல்லாத புது மண்டபம் எனக்கு ஏனோ ஒரு மாதிரி இருக்கிறது. அது வேறு விஷயம்.

இரண்டு முழம் மல்லிகை வாங்கி அம்மா தலையில் வைத்துவிட்டேன். மதுரை மல்லிக்கு 2013-லேயே புவிசார் குறியீடு வாங்கிவிட்டார்கள். விலைதான் முகூர்த்த நாளில் கேட்கவே பயமாக இருக்கும். அன்று நல்ல வேளையாக முகூர்த்தம் இல்லை.

விளக்குத்தூணுக்கு நடந்தோம். சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம், அதில் வழுக்கிக்கொண்டு போகும் கடல்பாசி அல்லது பாதாம் பிசின்... இரண்டில் எது அசல் என்று கடைக்குக் கடை சண்டை. ஒரே ஒரு சின்ன ஜிகர்தண்டா சொல்லி, அம்மாவுக்கு மூன்று ஸ்பூன், மீதி எனக்கு. நின்றுகொண்டே, ரோட்டில் போகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு, ஐஸ் உருகுவதற்குள் குடித்தேன். வீட்டுக்கு வரும் பாட்டிலில் இதெல்லாம் கலங்கி ஒரே நிறமாகிவிடும். ருசி வேறு, சத்தியமாக வேறு.

வழியில் தள்ளுவண்டியில் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ராத்திரி ஊற வைத்து, ஆட்டிப் பிழிந்து, அரிசி மாவு, கருப்பட்டி, சுக்கு, ஏலம், தேங்காய்ப்பூ போட்டுக் காய்ச்சுவது. டம்ளர் 20 ரூபாய் என்றதும் அம்மா வாயைப் பிளந்தார். "ஏப்பா, இத நாங்க மாட்டுக்குல்ல வச்சோம்!" என்றார். வண்டிக்காரர் சிரித்துவிட்டு, "அதான் ஆத்தா மாடு நல்லா இருந்துச்சு" என்று ஒரு வாய் ருசி பார்க்கக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

கடைசியாக சிம்மக்கல் கோனார் மெஸ். மதியம் பட்ட அவமானத்தில் எனக்கு வாசலிலேயே கால் பின்னியது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இலையைப் போட்டார்கள். கறி தோசை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அடியில் கனமான தோசை, நடுவில் முட்டை, மேலே மசாலாவில் வெந்த கொத்துக்கறி, மூன்றும் கல்லிலேயே ஒட்டிக்கொள்ளும். ஓரம் மொறுமொறு, நடு பஞ்சு. பார்சலில் வந்தால் ஆவியில் ஊறி மூன்றும் ஒரே களியாகிவிடும். 16 வருடமாகக் களியைத் தின்றுவிட்டுத்தான் ஊருக்கெல்லாம் சிபாரிசு செய்திருக்கிறேன்! பக்கத்து மேசையில் கல்லூரிப் பெண்கள் மூன்று பேர் சத்தமாகப் பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். அவர்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வர மணி எட்டரை. வாசலிலேயே என்னவர். "கறி தோசை வேணும்னா சொல்லியிருக்கலாமே, பார்சல் வாங்கியாந்திருப்பேன்" என்றார். அம்மா பக்கென்று சிரித்துவிட்டார். அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

மாமியார் ஒன்றும் பேசவில்லை. டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் மதுரைக்குள்ளேயே. ராத்திரி நான் அடுப்படியில் பால் உறை ஊற்றிக்கொண்டிருந்தபோது மெதுவாக உள்ளே வந்தார்.

"அம்மாவுக்கு அடுத்த கண்ணு எப்ப?"

"மாசியில வரச் சொல்லியிருக்காங்க அத்தை."

கொஞ்ச நேரம் டம்ளர்களைக் கவிழ்த்து அடுக்கினார். பிறகு கேட்டார்:

"அந்த மெஸ்ஸுல கீழேயே உக்கார எடம் இருக்கா? எனக்கும் படி ஏற முடியாது."

- ஒரு வாசகி, செல்லூர், மதுரை.