எலிக்குக் கம்பி எதற்கு?

எலியின் முன்பற்கள் நான்கும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்கு 10 செ.மீ.க்கு மேல். பல்லின் முன்புறத்தில் மட்டுமே கடினமான எனாமல் உண்டு. கொறிக்கக் கொறிக்க மென்மையான பின்புறம் முதலில் தேய்வதால் நுனி உளிபோலக் கூராகவே நிற்கும். காருக்குள் புகுந்த எலி மின்கம்பியைக் கடிப்பது பசிக்காக அல்ல, பல்லைத் தேய்க்க. கம்பி உறையிலுள்ள சோயாதான் எலியை இழுக்கிறது என்று அமெரிக்காவில் கார் நிறுவனங்கள்மீது வழக்குகூடத் தொடுத்தார்கள். ஆனால் சோயா கலவாத பழைய உறைகளையும் எலி விட்டுவைத்ததில்லை.

மலேசியாவின் பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. ரப்பர்க் கொட்டை பருவத்தில் மட்டுமே உதிரும். செம்பனையோ ஆண்டு முழுவதும் குலை தள்ளும். உதிர்ந்த பழம் எலிக்கு உணவு, வெட்டிக் குவித்த மட்டை வீடு. தோட்டத்தை ஒட்டிய குடியிருப்பிலும் ஈப்போ பழைய கடைவீடுகளின் பின்சந்திலும் இரவில் நிற்கும் கார், மழை படாத இன்னொரு பொந்து. அதிலும் இஞ்சின் சூடு ஆறாத பொந்து.

காலையில் கார் கிளம்பாது, அல்லது இஞ்சின் விளக்கு அணையாது. உரிந்த கம்பிகள் ஒன்றோடொன்று உரசினால் தீப்பிடிக்கவும் கூடும். பானெட்டுக்குள் புழுக்கையோ, பிய்த்த பஞ்சோ, கொறித்த பழக்கொட்டையோ கிடந்தால் எலி குடியேறிவிட்டது என்று பொருள்.

புதினா எண்ணெய் போன்ற வாசனைப் பொருள்கள் சில நாளில் காற்றோடு போய்விடும். அவற்றை நம்பிப் பயனில்லை. மிளகாய்க் காரம் ஏற்றிய டேப்பைக் கம்பியில் சுற்றுவது அதைவிட மேல். காற்றுப் புகும் வழிகளை அரை அங்குலத்துக்கும் சிறிய கண்ணுள்ள இரும்பு வலையால் அடைக்கலாம்; பெல்ட், விசிறி, புகைக்குழாய் பக்கம் மட்டும் வலை போகக் கூடாது. இரவில் பானெட்டைத் திறந்து வைத்தால் எலி தேடும் இருட்டு கிடைக்காது. குப்பைத் தொட்டியும் நாய்ச்சோறும் காருக்கு அருகே இருக்கும்வரை இவை எல்லாம் அரைகுறை வேலைதான்.

புழுக்கையை உலர்ந்தபடி கூட்டக் கூடாது. கையுறை அணிந்து, கிருமிநாசினி தெளித்து ஈரமாகத் துடைக்க வேண்டும். எலிச் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல், மலேசியாவில் 2010 முதல் சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்.

இஞ்சினுக்குள் விஷம் வைத்தால் எலி எட்டாத மூலையில் செத்து நாறும். வெளியே போய்ச் செத்தாலும் கேடுதான்: விஷமுண்ட எலியைத் தின்னும் கூகையும் மடியும். செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின்மேல் தெரியும் மரப்பெட்டிகள், எலி பிடிப்பதற்காகவே அந்தக் கூகைக்கு வைத்த கூடுகள்.